கடைக்காரர்கள் தரும் ஏபிஐ கீ, பாஸ்வேர்டுகளை டேட்டாபேஸில் எப்படி வைப்பது?

#1 கடைக்கணக்கு

எல்லோருக்கும் வணக்கம். சிறு வியாபாரிகளுக்கான பில்லிங் செயலி ஒன்றைப் பராமரிக்கும் வேலை இப்போது என் பொறுப்பில் வந்திருக்கிறது. பிஎச்பி, லாராவெல், மைஎஸ்க்யூஎல், எல்லாமே ஒரே விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஓடுகிறது. ஒவ்வொரு கடைக்காரரும் அமைப்புகள் பக்கத்தில் நான்கு விஷயங்கள் தருகிறார்: இ-இன்வாய்ஸ் ஏபிஐ (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வழி) பயனர்பெயரும் பாஸ்வேர்டும், பேமென்ட் கேட்வே சீக்ரெட், எஸ்எம்எஸ் கேட்வே கீ, மின்னஞ்சல் அனுப்ப எஸ்எம்டிபி பாஸ்வேர்ட். ராத்திரி க்யூ (காத்திருக்கும் பின்னணி வேலைகள்) ஓடும்போது கடைக்காரர் லாகினில் இருக்க மாட்டார். அவர் பெயரில் எங்கள் சர்வர்தான் அந்தச் சேவைகளை அழைக்கிறது.

இப்போது இவை டேபிளில் அப்படியே கிடக்கின்றன. திருத்தும் படிவம் இன்னும் மோசம். பாஸ்வேர்ட் பெட்டிக்குள் பழைய மதிப்பையே நிரப்பி பிரவுசருக்கு அனுப்புகிறது. திரையில் கறுப்புப் புள்ளிகள்தான் தெரியும், ஆனால் வியூ சோர்ஸ் திறந்தால் பாஸ்வேர்ட் முழுதாக இருக்கிறது.

இதைச் சரி செய்தே ஆக வேண்டும். எந்த என்க்ரிப்ஷன் (சாவியால் பூட்டி வைப்பது) நல்லது? அந்தச் சாவியை எங்கே வைப்பது? கிளவுட் வசதிகளுக்குப் பெரிய பட்ஜெட் இல்லை.

#2 புதுமுகம்22

பிகிரிப்ட் போட்டு ஹேஷ் (மூலத்தைத் திரும்ப எடுக்க முடியாத வடிவம்) செய்துவிடலாமே? லாராவெல்லில் ஒரே வரி. பாஸ்வேர்டை என்க்ரிப்ட் செய்யக் கூடாது, ஹேஷ்தான் செய்ய வேண்டும் என்றுதானே எல்லா இடத்திலும் சொல்கிறார்கள்.

#3 பின்முனை

தம்பி, அந்த விதி நம் தளத்தில் லாகின் செய்கிறவர்களின் பாஸ்வேர்டுக்கு. அங்கே நாம் சரிபார்த்தால் போதும், மூலம் வேண்டாம். அதனால் பிகிரிப்டோ ஆர்கான்2-வோ சரி. இங்கே கதை வேறு. இ-இன்வாய்ஸ் சர்வரிடம் போய் நாம் அந்தப் பாஸ்வேர்டைக் காட்ட வேண்டும். ஹேஷைக் கொடுத்தால் அது வாங்காது. திரும்ப எடுக்க முடிகிற விதத்தில் வைத்தாக வேண்டும் என்பதுதான் இந்தப் பிரச்சினையின் முடிச்சே.

#4 தறிநூல்

மைஎஸ்க்யூஎல்லிலேயே ஏஇஎஸ் என்க்ரிப்ட், டிக்ரிப்ட் ஃபங்ஷன்கள் இருக்கின்றனவே. கோடில் (நிரலில்) பெரிதாகக் கை வைக்காமல் க்வெரியிலேயே முடித்துவிடலாம்.

#5 இரவுப்பணி

வேண்டாம் நண்பரே, இரண்டு காரணம்.

முதலாவது, அதன் இயல்பு அமைப்பு 128 பிட் ஈசிபி, அதாவது ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே மூடும் முறை. ஈசிபியில் ஒரே சாவியும் ஒரே உள்ளீடும் இருந்தால் வெளியீடும் ஒன்றேதான். 2013-இல் அடோபியிலிருந்து சுமார் 15 கோடிக் கணக்குகளின் விவரம் வெளியானபோது நடந்தது இதுதான். பாஸ்வேர்டுகளை ஈசிபி முறையில் என்க்ரிப்ட் செய்து வைத்திருந்தார்கள். சாவி கிடைக்காமலே, ஒரே மாதிரி வெளியீடு உள்ள கணக்குகளை ஒன்றாகக் கூட்டி, பயனர்கள் எழுதிவைத்த நினைவூட்டுக் குறிப்புகளைப் படித்து, பாஸ்வேர்டை ஊகித்துவிட்டார்கள்.

இரண்டாவது, சாவியே க்வெரிக்குள் போகிறது. ஜெனரல் லாக், ஸ்லோ க்வெரி லாக், எதிலாவது அந்த க்வெரி பதிவானால் சாவியும் சேர்ந்து பதிவாகும். மைஎஸ்க்யூஎல் கையேடே இதை எச்சரிக்கிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் பிஜிகிரிப்டோவிலும் இதே சங்கடம் உண்டு. டேட்டாபேஸுக்குச் சாவி தெரியவே கூடாது. என்க்ரிப்ஷன் செயலியின் பக்கம்தான் நடக்க வேண்டும்.

வட்டு முழுக்க என்க்ரிப்ட் செய்துவிட்டோம், போதும் என்று இன்னொருவர் வருவார். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு போகிறவனை அது தடுக்கும். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனில் (படிவம் வழியாகத் தன் க்வெரியை நுழைத்து) வருகிறவனுக்கு டேட்டாபேஸே பிரித்துப் படித்துக் கொடுத்துவிடும்.

#6 கடைக்கணக்கு

நன்றி. அப்படியென்றால் லாராவெல்லின் என்க்ரிப்டட் காஸ்ட் (சேமிக்கும்போது தானே மூடி, எடுக்கும்போது தானே திறக்கும் வசதி) போதுமா? ஏஇஎஸ்-256-சிபிசி, கூடவே எச்மேக்கும் (யாராவது திருத்தினால் காட்டிக்கொடுக்கும் முத்திரை) இருக்கிறது. ஆப் கீ, அதாவது செயலியின் சாவி, .என்வ் என்ற அமைப்பு ஃபைலில் இருக்கும்.

#7 பின்முனை

இன்றிரவே செய்யக்கூடிய முதல் படி என்றால் சரி, செய்யுங்கள். இன்றைக்கு இருப்பதைவிடப் பல மடங்கு மேல். ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். எந்த அல்காரிதம் என்று நீங்கள் கேட்பதைவிட, எந்தச் செயல்முறையால் (ப்ராசஸ்) அதைத் திறக்க முடியும் என்பதுதான் என் பார்வையில் பெரிய கேள்வி. நடந்த இரண்டு சம்பவங்களை வைத்துச் சொல்கிறேன்.

சமூக வலைத்தளங்களில் பதிவுகளை நேரம் குறித்து வெளியிடும் பஃபர் சேவை, 2013 அக்டோபரில் உடைக்கப்பட்டது. அதன் பயனர்களின் ஃபேஸ்புக், ட்விட்டர் கணக்குகளில் உடல் எடை குறைப்பு விளம்பரங்கள் வரிசையாக வந்தன. பஃபரின் டேட்டாபேஸ் மோங்கோஎச்க்யூ என்ற நிறுவனத்தில் இருந்தது. அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், ஏற்கெனவே வெளியே கசிந்திருந்த தன் சொந்தக் கணக்கின் பாஸ்வேர்டையே வேலையிலும் பயன்படுத்தியிருந்தார். அதை வைத்து உள்ளே வந்தவர்கள் உதவிப் பிரிவின் கருவி வழியாக வாடிக்கையாளர்களின் டேட்டாபேஸைப் பார்த்தார்கள். பஃபரின் சொந்த சர்வரில் யாரும் நுழையத் தேவையே இருக்கவில்லை. அதன் பிறகுதான் பஃபர் டோக்கன்களை (பயனர் கணக்கில் பதிவிட உதவும் அனுமதிச் சீட்டுகள்) என்க்ரிப்ட் செய்தது. இந்த மாதிரித் தாக்குதலுக்கு உங்கள் காஸ்ட் சரியான பதில், ஏனென்றால் டேட்டாபேஸ் மட்டும்தான் போகிறது, சாவி போவதில்லை.

அடுத்தது சர்க்கிள்சிஐ, நிரலைத் தானாகச் சோதித்து வெளியிடும் சேவை. 2023 ஜனவரி 4 அன்று, தங்களிடம் வைத்திருக்கும் எல்லா ரகசியங்களையும் உடனே மாற்றுங்கள் என்று வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அறிவித்தார்கள். பொறியாளர் ஒருவரின் லேப்டாப்பில் மால்வேர் புகுந்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பைத் தாண்டி ஏற்கெனவே திறந்திருந்த செஷனைத் திருடியிருந்தது. டேட்டாபேஸில் இருந்ததெல்லாம் என்க்ரிப்ட் ஆனதுதான். ஆனால் உள்ளே வந்தவர் ஓடிக்கொண்டிருந்த ஒரு செயல்முறையின் நினைவகத்திலிருந்து சாவியை எடுத்துவிட்டார். அல்காரிதத்தில் குறையே இல்லை. சாவி வைத்திருந்த இடம் வரைக்கும் ஆள் வந்துவிட்டார், அவ்வளவுதான்.

உங்கள் அமைப்பைப் பாருங்கள். வெளியுலகத்தோடு பேசுவது வெப் செயல்முறை. ஃபைல் அப்லோட், பழைய பேக்கேஜ், எல்லா ஓட்டையும் அங்கேதான் வரும். ஆப் கீயை வைத்திருப்பதும் அதே செயல்முறைதான். அந்த ஆப் கீக்கு குக்கியைக் காக்கும் வேலையும் உண்டு. டீபக் நிலையை அணைக்க மறந்த தளங்களில் பிழைப் பக்கமே .என்வ் மதிப்புகளைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. 2018-இல் லாராவெல்லில் வந்த ஒரு ஓட்டையில், ஆப் கீ கையில் இருந்தால் சர்வரில் தன் நிரலையே ஓட்ட முடிந்தது. இத்தனை இடத்தில் புழங்கும் சாவியை நம்பி ஊர்க் கடைக்காரர்களின் பேமென்ட் சீக்ரெட்டை விடக் கூடாது. இதற்கென்று வேறொரு சாவி வேண்டும்.

#8 கடைக்கணக்கு

வேறொரு சாவி போட்டாலும் வெப் செயல்முறைதானே கடைக்காரர் தட்டச்சு செய்வதை வாங்கி என்க்ரிப்ட் செய்கிறது? அதனிடம் சாவி இருந்துதானே ஆக வேண்டும்?

#9 பின்முனை

இல்லை, இங்கேதான் இரட்டைச் சாவி முறை கைகொடுக்கும். பிஎச்பி 7.2 முதல் சோடியம் நூலகம் உள்ளேயே வருகிறது. அதில் சீல்டு பாக்ஸ் என்று ஒன்று உண்டு. பொதுச் சாவியால் என்க்ரிப்ட் செய்யலாம், தனிச் சாவி இல்லாமல் திறக்க முடியாது. கோயில் உண்டியல் மாதிரி: போடுவது யாராலும் ஆகும், திறக்கும் சாவி வேறிடத்தில். வெப் செயல்முறைக்குப் பொதுச் சாவி மட்டும் கொடுங்கள். அது வாங்கும், மூடும், சேமிக்கும். தான் சேமித்ததை அடுத்த நொடியே அதனால் படிக்க முடியாது.

தனிச் சாவி வெளிச் சேவைகளை அழைக்கும் வொர்க்கரிடம் (பின்னணி வேலைகளைச் செய்யும் ப்ராசஸ்) மட்டும் இருக்கட்டும். அந்த வொர்க்கர் வேறொரு லினக்ஸ் பயனராக ஓட வேண்டும். ஒரே பயனராக ஓடினால், வெப் செயல்முறைக்குள் புகுந்தவர் வொர்க்கரின் என்விரான்மென்ட்டை (அதற்குக் கொடுத்த அமைப்பு மதிப்புகள்) ப்ராக் கோப்பகத்திலிருந்து படித்துவிடுவார், பிரித்து வைத்ததற்கே பயனில்லை.

கவனிக்க ஒன்று உண்டு. ஏஇஎஸ்-ஜிசிஎம் போன்றவற்றில் கூடுதல் தரவு என்று கடை எண்ணைக் கட்டிவைக்கலாம். டேபிளில் ஒரு கடையின் வரிசையில் (ரோ) இருப்பதை இன்னொரு கடையின் வரிசையில் ஒட்டினால் திறக்காது. சீல்டு பாக்ஸில் அந்த வசதி இல்லை. அதனால் கடை எண், சேவையின் பெயர், ரகசியம் மூன்றையும் ஒன்றாக ஜேசன் (உரை வடிவத் தரவு) ஆக்கி மூடுங்கள். திறந்ததும் உள்ளே இருக்கும் கடை எண்ணும் வரிசையின் கடை எண்ணும் ஒன்றா என்று வொர்க்கர் பார்க்கட்டும்.

#10 இரவுப்பணி

தனிச் சாவியை எங்கே வைப்பது என்பதற்கு என் பங்கு. பட்ஜெட் இருந்தால் சாவி காக்கும் வசதிகளான கேஎம்எஸ், வால்ட், அல்லது வால்ட்டிலிருந்து கிளைத்த ஓபன்பாவ். ஒரே விபிஎஸ் என்றால் லினக்ஸில் சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டியே போதும். 247-ஆம் பதிப்பு முதல் லோட்கிரெடென்ஷியல் என்ற அமைப்பு இருக்கிறது. சாவி ஃபைலை ரூட் பெயரில், ரூட் மட்டும் படிக்கும்படி வையுங்கள். வொர்க்கர் சர்வீஸ் எழும்போது சிஸ்டம்டி அதை எடுத்து அந்த சர்வீஸுக்கு மட்டும் தெரியும் ஒரு தற்காலிகக் கோப்பகத்தில் வைக்கும். கிட் நிரல் கிடங்கில் சாவி இருக்காது, என்விரான்மென்ட்டிலும் இருக்காது.

என்விரான்மென்ட்டில் வேண்டாம் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம் உண்டு. 2021-இல் கோட்கவ் நிறுவனத்தின் பாஷ் ஸ்கிரிப்ட் திருத்தப்பட்டபோது, திருடியவர்கள் வாரிக்கொண்டு போனது சிஐ (நிரலைத் தானாகச் சோதிக்கும்) சர்வர்களின் என்விரான்மென்ட் மாறிகளைத்தான். ஜனவரி கடைசியில் தொடங்கியது ஏப்ரல் 1 அன்றுதான் கண்டுபிடிக்கப்பட்டது.

சாவிக்கு ஒரு நகல் எடுத்து விபிஎஸ்ஸுக்கு வெளியே, டேட்டாபேஸ் பேக்கப் இல்லாத இடத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே சேமிப்பிடத்தில் இருந்தால் என்க்ரிப்ட் செய்யாததற்குச் சமம். நகலே இல்லாமல் சாவி போனால் ஒவ்வொரு கடைக்காரரிடமும் மறுபடி கேட்டு வாங்க வேண்டியதுதான்.

#11 தணிக்கை

பாதுகாப்புச் சோதனை என் தொழில். பின்முனை சொன்ன அமைப்பு நல்ல அமைப்பு, ஆனால் அதில் இரண்டு கதவுகள் இன்னும் திறந்திருக்கின்றன.

ஒன்று, லாராவெல் க்யூ. அதில் வேலைகள் பிஎச்பி சீரியலைஸ் வடிவத்தில் (ஆப்ஜெக்டை உரையாக்கிய வடிவம்) கிடக்கும், வொர்க்கர் அவற்றை அன்சீரியலைஸ் செய்யும். வெப் பக்கம் புகுந்தவர் க்யூ டேபிளில் தான் விரும்பிய ஆப்ஜெக்டை எழுதிவைத்தால் வொர்க்கருக்குள்ளேயே கோடு ஓட்ட வழி கிடைக்கலாம். சாவி இருக்கும் செயல்முறைக்கு நாமே பாதை போட்டுக் கொடுத்ததாகும். எனவே அந்த வொர்க்கர் சின்னதாகத் தனியே இருக்கட்டும். வெறும் ஜேசன் மட்டும் வாங்கட்டும்: கடை எண், செய்ய வேண்டிய வேலை, பில் எண். தெரிந்த நான்கைந்து வேலைகளைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது. அப்போதும் புகுந்தவரால் ஒரு பில்லைப் பதிவு செய்யச் சொல்ல முடியும்தான். ஆனால் பாஸ்வேர்டைத் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்திலிருந்து பயன்படுத்த முடியாது. அந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது.

இரண்டாவதை நான் சோதனைகளில் அடிக்கடி பார்க்கிறேன், இதற்கு எந்த என்க்ரிப்ஷனும் உதவாது. உங்கள் எஸ்எம்டிபி அமைப்பில் ஹோஸ்ட் பெயரையும் கடைக்காரரே தருகிறார் அல்லவா? படிவத்தில் பாஸ்வேர்ட் பெட்டி காலியாக இருந்தால் பழையதே நீடிக்கும் என்றுதானே எல்லோரும் எழுதுவோம்? இப்போது அந்தக் கடையின் கணக்கில் புகுந்த ஒருவர், அல்லது அமைப்புகளைத் திருத்த உரிமை உள்ள கடை ஊழியர், ஹோஸ்ட் பெயரை மட்டும் தன் சர்வருக்கு மாற்றி, ‘இணைப்பைச் சோதி’ பொத்தானை அழுத்துகிறார். உங்கள் வொர்க்கர் ஒழுங்காகச் சாவி போட்டுத் திறந்து, பாஸ்வேர்டை அவர் சர்வருக்கே கொண்டுபோய்க் கொடுக்கும்.

#12 புதுமுகம்22

அக்கா, இதை எப்படித் தடுப்பது? பொத்தானையே எடுத்துவிட வேண்டுமா?

#13 தணிக்கை

பொத்தான் இருக்கட்டும் தம்பி. ஹோஸ்ட், போர்ட், பயனர்பெயர், டிஎல்எஸ் (இணைப்பை மறைக்கும் பாதுகாப்பு) கட்டாயமா என்ற அமைப்பு இவற்றில் எது மாறினாலும் பாஸ்வேர்டை மறுபடி தட்டச்சு செய்யச் சொல்ல வேண்டும். அதை ஜாவாஸ்கிரிப்ட்டில் மட்டும் பார்த்தால் பயனில்லை. மூடும் ஜேசனுக்குள் ஹோஸ்டையும் போர்ட்டையும் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. வொர்க்கர் உள்ளே இருக்கும் ஹோஸ்டுக்கு மட்டும்தான் பேசும், டேபிளில் இருப்பதைப் பார்க்கவே பார்க்காது. இ-இன்வாய்ஸ், பேமென்ட் கேட்வே போன்றவற்றுக்கு முகவரி கோடிலேயே இருக்கட்டும், யாரும் மாற்ற வழி வேண்டாம்.

இன்னொன்று. சேமித்ததைத் திரும்பக் காட்டவே கூடாது. ‘கீ பதிவாகியுள்ளது, கடைசி நான்கு எழுத்து இவை, மாற்றிய தேதி இது’ என்ற அளவு போதும். கடைசி நான்கு எழுத்து நீண்ட ஏபிஐ கீக்கு மட்டும்தான். மனிதர்கள் தேர்ந்தெடுக்கும் பாஸ்வேர்டுக்கு அதையும் காட்டாதீர்கள்.

#14 தறிநூல்

க்வெரியிலேயே முடிக்கலாம் என்ற என் யோசனையை விட்டுவிட்டேன், விளக்கத்துக்கு நன்றி. வேறொரு கேள்வி. ஓஆத்துக்கு (பாஸ்வேர்ட் தராமல் அனுமதி மட்டும் தரும் முறை) போனால் இந்தத் தலைவலியே இருக்காதே? பாஸ்வேர்டையே வாங்க வேண்டாம்.

#15 பின்முனை

வாங்காத பாஸ்வேர்டைத் திருட முடியாது, அதனால் ஓஆத் இருக்கும் இடத்தில் கண்டிப்பாக அதுதான். ஜிமெயில் வழியாக அனுப்புகிறவர்களுக்கு ஓஆத் உண்டு. பேமென்ட் பக்கம் ஸ்ட்ரைப் கனெக்ட் இருக்கிறது, ரேசர்பேயும் கூட்டாளர்களுக்கு ஓஆத் தருகிறது. தேவையான உரிமையை மட்டும் கேட்கலாம், கடைக்காரர் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம்.

ஆனால் தலைவலி முழுக்கப் போகாது. அக்சஸ் டோக்கன் சீக்கிரம் காலாவதியாகும், அதைப் புதுப்பிக்கும் ரிஃப்ரெஷ் டோக்கன் நீண்ட நாள் வாழும், அதை எங்கேயாவது வைத்தாக வேண்டும். 2022 ஏப்ரலில், செயலிகளை ஓட்டித்தரும் ஹெரோகுவின் ஒரு டேட்டாபேஸிலிருந்து வாடிக்கையாளர்களின் கிட்ஹப் ஓஆத் டோக்கன்கள் திருடப்பட்டன. அவற்றை வைத்துப் பல நிறுவனங்களின் தனியார் ரெப்போக்களை (நிரல் கிடங்குகளை) இறக்கிக்கொண்டார்கள். ஆக, டோக்கனும் மேலே சொன்ன அதே முறையில்தான் மூடப்பட வேண்டும்.

நடைமுறையில் கடிக்கும் ஒரு விஷயம்: சில சேவைகள் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் ரிஃப்ரெஷ் டோக்கனையும் மாற்றிவிடும். இரண்டு வொர்க்கர் ஒரே நேரத்தில் புதுப்பித்தால் ஒன்றின் டோக்கன் செல்லாது, சில இடங்களில் இணைப்பே முறிந்துவிடும். அந்த வரிசையைப் பூட்டிவிட்டுப் புதுப்பியுங்கள்.

இ-இன்வாய்ஸுக்கு ஓஆத் இல்லை, பாஸ்வேர்ட்தான். ஆனால் போர்ட்டலில் ஏபிஐக்கென்று தனிப் பயனரை உருவாக்க முடியும். கடைக்காரர் தன் முதன்மை லாகினை உங்களிடம் தர வேண்டியதே இல்லை. உங்கள் அமைப்புகள் பக்கத்தில் அந்தப் பெட்டிக்கு மேலேயே தமிழில் இதை எழுதிவையுங்கள். பலர் தெரியாமல் முதன்மை பாஸ்வேர்டையே கொடுத்துவிடுவார்கள், அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

#16 கடைக்கணக்கு

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. திட்டம் இப்படி: சீல்டு பாக்ஸ், தனி லினக்ஸ் பயனரில் சின்ன வொர்க்கர், சிஸ்டம்டி வழியாகச் சாவி, ஹோஸ்டும் உள்ளே சேர்த்து மூடுவது. கடைசியாக ஒரு சந்தேகம். ஏற்கெனவே திறந்த நிலையில் கிடப்பவற்றை என்ன செய்வது? ஒரு மைக்ரேஷன் (டேபிளை மாற்றும் நிரல்) எழுதி எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பழைய நெடுவரிசையை அழித்தால் சரியா?

#17 இரவுப்பணி

அது அவசியம், ஆனால் போதாது. அந்தப் பாஸ்வேர்டுகள் இத்தனை காலம் எங்கெல்லாம் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தினசரி பேக்கப், பின்லாக் (டேட்டாபேஸின் மாற்றப் பதிவு), சோதனை சர்வருக்கு எடுத்த நகல், முன்பு வேலை செய்தவரின் லேப்டாப்பில் உள்ள டேட்டாபேஸ் நகல், பிழைகளைப் பதிவு செய்யும் சேவையில் சிக்கிய ரிக்வெஸ்ட் விவரம். நெடுவரிசையை அழித்தால் இதெல்லாம் அழியாது. அந்த ரகசியங்களை வெளியானவை என்றே வைத்துக்கொண்டு, மூலச் சேவையிலேயே மாற்றச் சொல்ல வேண்டும்.

எல்லாக் கடைக்காரரிடமும் ஒரே நாளில் கேட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். பணம் போகும் இடத்திலிருந்து தொடங்குங்கள்: முதலில் பேமென்ட் சீக்ரெட், அடுத்து இ-இன்வாய்ஸ், பிறகு எஸ்எம்டிபி, கடைசியில் எஸ்எம்எஸ். பழைய கீயும் புதிய கீயும் சில நாள் சேர்ந்து ஓட அனுமதிக்கும் சேவை என்றால் வியாபாரம் நிற்காமல் மாற்றலாம்.

டேபிளில் சாவிப் பதிப்பு எண்ணுக்கு ஒரு நெடுவரிசை இப்போதே சேருங்கள். நாளைக்குச் சாவியை மாற்றும்போது எது எந்தச் சாவியால் மூடியது என்று தெரியாவிட்டால் திண்டாட்டம். ஏற்கெனவே மூடியவற்றைப் புதுச் சாவிக்கு மாற்றுவதை வொர்க்கர் மட்டும்தான் செய்ய முடியும், அதையும் நினைவில் வைத்து எழுதுங்கள்.

#18 தணிக்கை

வொர்க்கர் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கடை, சேவை, வேலை, நேரம் நான்கையும் பதிவு செய்யட்டும், ரகசியத்தை மட்டும் விட்டுவிட்டு. 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட செர்ட்-இன் (கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) உத்தரவுப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஊடுருவல் நடந்தது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். எந்தெந்தக் கடையின் ரகசியம் எப்போது திறக்கப்பட்டது என்று அந்த நேரத்தில் சொல்ல முடியவில்லையென்றால் எல்லாக் கடைக்கும் மாற்றச் சொல்வதைத் தவிர வழியில்லை.

கடை கணக்கை மூடிக்கொண்டு போகும்போது வரிசையை அழிப்பதோடு, ஓஆத் டோக்கனை மூலச் சேவையில் ரத்து செய்யும் அழைப்பையும் அனுப்பிவிடுங்கள்.

#19 கடைக்கணக்கு

குறித்துக்கொண்டேன். நெடுவரிசை வகைக்கு வார்சார் 255 (அதிகபட்சம் 255 எழுத்து) போதுமா?

#20 பின்முனை

போதாது. சீல்டு பாக்ஸ் 48 பைட் கூட்டும், பேஸ்64 (எழுத்து வடிவம்) ஆக்கினால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு ஏறும், உள்ளே ஜேசன் வேறு இருக்கிறது. ஓஆத் டோக்கன்கள் சில ஆயிரம் எழுத்து வரைக்கும் போகும். மைஎஸ்க்யூஎல் ஸ்ட்ரிக்ட் மோட் அணைந்திருந்தால் நீளம் மீறியதை வெட்டிவிட்டு வெறும் எச்சரிக்கையோடு சேமித்துவிடும். அப்புறம் திறக்கவே முடியாது. டெக்ஸ்ட் அல்லது பிளாப் வையுங்கள், ஸ்ட்ரிக்ட் மோட் இயங்குகிறதா என்று இப்போதே பாருங்கள். மைக்ரேஷனில் ஒவ்வொரு வரிசையையும் மூடியவுடன் வொர்க்கரைக் கொண்டு திறந்து ஒப்பிட்ட பிறகே பழைய நெடுவரிசையில் கை வையுங்கள்.